நான்கு பரப்புக் காணியும் ஓர் இணைகரமும்

ஒரே அடியிலும் ஒரே சோடிச் சமாந்தர கோடுகளுக்கிடையிலும் அமைந்த இணைகரங்கள் பரப்பளவிற் சமனானவை. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்காக இத்தேற்றத்தை நான் மனனஞ் செய்தேன். நிறுவலையும் எழுத்துப் பிசகாது மனனஞ் செய்தேன். ஒரு சரிவகத்திலிருந்து ஒருங்கிசையும் இரு முக்கோணிகளுள் ஒன்றைக் கழித்தால் ஓர் இணைகரம் எஞ்சும். மற்றையதைக் கழித்தால் மற்றை இணைகரம் எஞ்சும். ஆதலால் எஞ்சியவை சமன். பரீட்சை முடிந்த அன்று அதனை மறந்தேன். கலைப்பீடத்தை நாடி வந்தவர்களுட் பலரைப் போலவே, கேத்திரகணிதத்துடனான கணக்கு எனக்குத் தீர்ந்துவிட்டது என்றே நம்பியிருந்தேன். அது தீரவில்லை என்பதை எங்கள் அம்மம்மாவின் காணியே எனக்கு உணர்த்தியது. அக்காணியைப் பற்றியும், அதனை அளக்கப் போய் நான் இழைத்த தவற்றைப் பற்றியுமே இங்கு எழுதுகின்றேன்.

காணி வலிகாமம் வடக்கில் உள்ளது. பூட்டனார் அதனைத் தம் பிள்ளைகள் மூவருக்கும் பிரித்துக் கொடுத்தார். வடக்கே ஒழுங்கை, தெற்கே அயலவரின் தோட்டம், மேற்கே, ஒழுங்கையிலிருந்து தென்மேற்காகச் சரிந்து செல்லும் பழைய வண்டிற்பாதை. கிழக்குத் துண்டு மூத்த மகளாகிய பெரியம்மம்மாவுக்குச் சீதனமாகப் போயிற்று. 1974 ஆம் ஆண்டிலே அம்மம்மாவின் விவாகத்தின்போது மேற்குத் துண்டு அவருக்கு எழுதப்பட்டது. இடையிலுள்ளது, கிணற்றோடு, மகனுக்கு. மகள்மார் இருவரின் உறுதிகளிலும் ‘நான்கு பரப்பு’ என்றே எழுதப்பட்டுள்ளது. யாழ்ப்பாணத்தவரல்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: எங்களூரிற் பரப்பு என்பது ஓர் அளவு. பத்துப் பேர்ச்சு ஒரு பரப்பு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே ஒரு பரப்பு 2,722½ சதுர அடி. பரப்பளவு என்ற பொதுச் சொல்லும் காணியளவின் பெயரும் எங்களுக்கு ஒன்றாகவே இருப்பதாற்போலும், ‘பரப்பு எவ்வளவு?’ என்ற வினா எங்கள் வீடுகளில் ஒருபோதும் வெறுங் கணித வினாவாக இருந்ததில்லை.

பெரியம்மம்மாவின் துண்டு பார்வைக்குச் செவ்வகம். ஒழுங்கைப் பக்கம் 90 அடி. உட்பக்கமாக 120 அடி. அம்மம்மாவின் துண்டுக்கும் ஒழுங்கைப் பக்கம் 90 அடியே. ஆயின் வண்டிற்பாதையின் சரிவைத் தழுவிப் பூட்டனார் எல்லையிட்டமையால், சரிந்த பக்கம் 150 அடி. வேலியைச் சுற்றி நடந்தால் முன்னையது 420 அடி, பின்னையது ஏறத்தாழ 480 அடி. கதியால் நட்டுப் பனையோலையால் வேலியடைத்த அக்காலத்தில் இவ்வறுபது அடி சிறிய விடயமன்று. வேலியடைப்புக் காலந்தோறும் தங்கை வீட்டுக்கு ஓலையும் கூலியும் கூடச் சென்றன. அதனைக் கண்டு தமக்கையார் ஒரு முடிவுக்கு வந்தார்: வேலி நீளமென்றால் காணியும் பெரிது. தொண்ணூறை நூற்றைம்பதாற் பெருக்கிப் பார்த்த யாரோ ஓர் அயலவர் அம்முடிவுக்கு இலக்கமும் கொடுத்துவிட்டார். 13,500 சதுர அடி, தமக்கையாருடையதோ 10,800. வித்தியாசம் 2,700. ஏறக்குறையச் சரியாக ஒரு பரப்பு!

“ஐயா அவளுக்கு ஐஞ்சு பரப்பு குடுத்துப்போட்டு நாலெண்டு எழுதினவர்.” இவ்வாக்கியத்தை நான் சிறுவயது முதல் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கூற முடியாது. விந்தை என்னவெனில், நான் அதனைக் கேட்ட காலத்திற் பெரும்பகுதியும் அக்காணியை எவரும் கண்ணாற் காணக்கூட முடியாதிருந்தது. 1990 இல் இரு குடும்பங்களும் இடம்பெயர்ந்தன. 2016 இல் அப்பகுதி விடுவிக்கப்படும்வரை இருபத்தாறு ஆண்டுகள், வெவ்வேறு ஊர்களில், வாடகை வீடுகளிலும் உறவினர் வளவுகளிலும் இருந்துகொண்டு, இரு சகோதரிகள் கம்பிவேலிக்கப்பாலிருந்த ஒரு பரப்பைப் பற்றி மனம் நொந்துகொண்டிருந்தனர். திரும்பிச் சென்றபோது வேலிகள் இல்லை, கதியால்கள் இல்லை, பற்றைக்காடே இருந்தது. காடு வெட்டியபின் மூலைகளிற் பூட்டனார் நட்ட எல்லைக்கற்கள் மாத்திரம் நின்றன.

முதலாம் வருட விடுமுறையில் வீடு சென்றிருந்தபோது, வேலிபோடுவதற்கு முன் ஒருமுறை அளந்து இந்தக் கதைக்கு முடிவு கட்டுவோம் என்று நானே முன்வந்தேன். நில அளவையாளரை அழைப்பதற்கு அப்போது வீட்டிற் பணமில்லை. ‘கம்பசிலை படிக்கிற பிள்ளை’ அளப்பதை இரு வீட்டாரும் ஏற்றனர். ஓர் அளவுநாடாவை இரவல் வாங்கி, கல்லுக்குக் கல் அளந்தேன். அம்மம்மாவின் துண்டு: வடக்கு 90 அடி, கிழக்கு 150, தெற்கு 88, மேற்கு 146. எதிர்ப்பக்கங்கள் சமனல்லாமையால் இது இணைகரமன்று என்பது மட்டும் எனக்கு விளங்கிற்று. பின் என்ன செய்வது? எதிர்ப்பக்கங்களின் சராசரிகளை எடுத்தேன். 89 ஐ 148 ஆற் பெருக்கினேன். 13,172 சதுர அடி. கடதாசியில் எழுதி, இரு வீட்டாருக்கும் வாசித்துக் காட்டினேன்.

பெரியம்மம்மா ஒன்றும் பேசவில்லை. ஐம்பது ஆண்டுக்காலம் தாம் கூறியதைப் படித்த பிள்ளையொன்று இலக்கத்திற் கூறிவிட்டபின் அவர் பேச என்ன இருக்கின்றது? அம்மம்மா அன்றிரவு அம்மாவிடம், “அக்காவின்ரை பேருக்கு ஒரு பரப்பை எழுதிவிடு, எனக்கு உது வேண்டாம்” என்றார். வேலி வேலை நின்றது. நொத்தாரிசிடம் போவதற்கு நாளும் பேசப்பட்டது. நான் நீதி செய்துவிட்ட நிறைவோடு பல்கலைக்கழகம் திரும்பினேன்.

விடுதியில் என் அறைத் தோழன் விஞ்ஞான பீடத்து மாணவன். இக்கதையைப் பெருமையோடு அவனிடம் கூறினேன். அவன் நான் எழுதியிருந்த நான்கு எண்களையும் பார்த்துவிட்டு, “மூலைவிட்டம் எங்கே?” என்று மட்டும் கேட்டான். பின் மேசையிற் கிடந்த தீப்பெட்டியிலிருந்து தட்டை உருவி எறிந்துவிட்டு, வெற்று உறையை என் கண்முன் நிமிர்த்தி, மெல்ல ஒருபுறமாக அழுத்தினான். செவ்வக வாய் சரிந்து இணைகரமாயிற்று, மேலும் சரிந்தது, இறுதியில் மட்டையோடு மட்டை ஒட்டிக்கொண்டது. நான்கு பக்கங்களின் நீளத்திலும் மாற்றம் சிறிதுமில்லை. உள்ளிருந்த பரப்போ முழுமையிலிருந்து இன்மைக்குப் போய்விட்டது. ஏழு ஆண்டுகளுக்கு முன் கரும்பலகையில் விளங்காதது, ஒரு தீப்பெட்டியுறையில் எனக்கு விளங்கிற்று. விளங்கியதோடு வயிற்றிலும் ஏதோ பிசைந்தது.

அதன்பின் நூலகத்திற் சில வாரங்கள் இதனைத் தேடித் திரிந்தேன். என் பிழை புதியதன்று என்பது முதலிற் கிடைத்த ஆறுதல். எகிப்திலே எத்பூ என்னுமிடத்தில், கி.மு. 237 முதல் கி.மு. 57 வரை கட்டப்பட்ட ஓரசுக் கோயிலின் சுவர்களிற் கோயிற் காணிகளின் அளவுகள் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கும் இதே முறைதான்: எதிர்ப்பக்கங்களைக் கூட்டி அரைவாசியாக்கிப் பெருக்குதல். முக்கோணக் காணி வந்தால் நான்காம் பக்கத்தை ‘ஒன்றுமில்லை’ என எழுதிக்கொண்டு அதே கணக்கைச் செய்திருக்கின்றார்கள். இம்முறை செவ்வகத்துக்கு மட்டுமே சரியான விடை தரும். ஏனைய எல்லா நாற்பக்கல்களுக்கும் உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும். நிலவரி வாங்குவோருக்கு இதனாற் கவலை ஏற்பட்டிராது என்று எண்ணுகின்றேன்.

இந்தியக் கணிதத்தில் இப்பிழைக்குப் பெயரே இருக்கின்றது. கி.பி. 628 இல் பிரமகுப்தர் இவ்விடையைப் பருமட்டான பரப்பு என்று ஒதுக்கிவிட்டு, நுட்பமான பரப்புக்கு வேறொரு விதி தந்தார்: பக்கங்களின் கூட்டுத்தொகையின் அரைவாசியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து, வரும் நான்கையும் பெருக்கி, வர்க்கமூலம் காண்க. நான் ஆவலோடு என் நான்கு எண்களையும் அதில் இட்டேன். 13,168 வந்தது. பருமட்டுக்கும் நுட்பத்துக்கும் நான்கு சதுர அடியே வித்தியாசம்! ஒருகணம் தீப்பெட்டியையே சந்தேகித்தேன். காரணம் வேறு: மூலைகள் நான்கும் ஒரு வட்டத்தின் மேல் அமையும் நாற்பக்கலுக்கே அவ்விதி பொருந்தும். கொடுத்த நான்கு பக்கங்களால் அடைக்கக்கூடிய மிகப் பெரிய பரப்பையே அது தருகின்றது. எங்கள் வண்டிற்பாதை வட்டத்தைப் பற்றிக் கவலைப்பட்ட பாதையன்று.

கோல்புரூக்கு என்பார் 1817 இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில், பாஸ்கரர் 1150 இல் எழுதிய லீலாவதியின் இப்பகுதியை வாசித்தபோதுதான் என் முகம் சிவந்தது. நான்கு பக்கங்களும் மாறாதிருக்கையில் மூலைவிட்டங்கள் மாறலாம், அவற்றோடு பரப்பும் மாறும் என்பதை அவர் தெளிவாக எடுத்துரைக்கின்றார். செங்குத்தையோ மூலைவிட்டத்தையோ கூறாமற் பரப்பைக் கேட்பவனைப் பிசாசு என்கின்றார். அதற்கு விடை கூறப் புறப்படுபவனை அவனினும் பெரிய பிசாசு என்கின்றார். கேட்டவர்கள் என் உறவினர்கள். விடை கூறப் புறப்பட்டவன் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

யூக்கிளிட்டின் பக்கம் திரும்பியபோது பழைய தேற்றம் முப்பத்தைந்தாம் எடுத்துரைப்பாக முதலாம் நூலில் நின்றது. இணைகரம் என்பதற்கு அவர் தம் வரைவிலக்கணங்களில் இடம் கொடுக்கவில்லை என்பது எனக்குப் புதிய செய்தி. சதுரம், சாய்சதுரம் முதலியவற்றுக்கெல்லாம் தொடக்கத்திலேயே வரைவிலக்கணம் உண்டு. இணைகரமோ முப்பத்துநான்காம் எடுத்துரைப்பில் முன்னறிவித்தலின்றி வந்து நிற்கின்றது. ஒரு சோடிப் பக்கங்கள் சமனும் சமாந்தரமுமாயின் மறு சோடியும் அவ்வாறே என்று அதற்கு முந்திய எடுத்துரைப்பிலே காட்டிய பிறகுதான் அவ்வுருவுக்குப் பெயர் வருகின்றது. நாம் பள்ளியிற் படித்தது தலைகீழ் வரிசையில்: முதலிற் பெயர், பிறகு பண்பு, பிறகு ‘இவ்வுரு இணைகரமெனக் காட்டுக’. (தமிழ்ச் சொல்லோ கைகளைப் பற்றிப் பேசுகின்றது, சரிந்த இரு கரங்கள் ஒன்றையொன்று விட்டுவிடாமல் நிற்பதாகவே எனக்கு எப்போதும் தோன்றும்.) கடதாசியில் இணைகரம் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். பற்றைக்காட்டின் நடுவே நிற்பவனுக்கு அது நான்கு கற்கள் மாத்திரமே. எதிர்ப்பக்கங்கள் சமனா, மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமக்கூறிடுகின்றனவா என்ற சோதனைகள் எதற்காக வகுக்கப்பட்டன என்பது அங்கேதான் புரியும்.

அத்தேற்றத்துக்கு ஐந்தாம் நூற்றாண்டில் உரை எழுதியவர் புரொக்கிளசு. சமாந்தரங்களுக்கிடையே இணைகரத்தைச் சரித்துக்கொண்டே போனாற் பக்கங்கள் எல்லையின்றி நீளும், பரப்போ அசையாது நிற்கும். கேட்பவருக்கு இது நம்பத்தகாததாகத் தோன்றும் என்று அவர் வியக்கின்றார். அடுத்து அவர் கூறுவதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். காணி பங்கிடுவோர் சிலர் இம்மயக்கத்தைப் பயன்படுத்தித் தம் பங்காளிகளை ஏய்த்தனராம். சுற்றளவு கூடிய துண்டை மற்றவருக்குக் கொடுத்து, பரப்புக் கூடியதைத் தாம் எடுத்துக்கொண்டு, நேர்மையாளர் என்ற பெயரையும் பெற்றனராம். ஏதன்சு நகரில் இருந்து எழுதிய ஒருவருக்கு எங்கள் ஒழுங்கையின் வேலிக்கணக்கு எவ்வாறு தெரிந்தது!

அடுத்த விடுமுறைவரை நான் காத்திருக்கவில்லை. வார இறுதியிற் பேருந்தேறிச் சென்றேன். நாடாவின் ஒரு நுனியைப் பெரியம்மாவின் மகன், எனக்குத் தம்பி முறையானவன், ஒழுங்கையோரத்து மேற்குக் கல்லிற் பிடித்துக்கொள்ள, மறு நுனியுடன் அதே துண்டின் தென்கிழக்குக் கல்லுக்கு நடந்தேன். 120 அடி. ஒருமுறைக்கு மூன்றுமுறை அளந்தோம். 120 அடியே.

இவ்வோர் எண் கிடைத்தவுடன் நாற்பக்கல் இரு முக்கோணிகளாகப் பிரிந்துவிட்டது. முக்கோணியின் பக்கங்கள் மூன்றும் தெரிந்தால் அது தீப்பெட்டியுறைபோல் ஆடாது. வடக்கு முக்கோணியின் பக்கங்கள் 90, 120, 150. இதனைக் கண்டவுடனே செங்கோணம் என்று சொல்லிவிடலாம். பரப்பு 5,400. தெற்கு முக்கோணியின் பக்கங்கள் 120, 88, 146. அலெச்சாந்திரியாவின் ஈரோன் தந்த விதிப்படி, அரைச்சுற்றளவு 177. அதிலிருந்து பக்கங்களைக் கழிக்க 57, 89, 31. நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் காண 5,276. இரண்டுஞ் சேர்ந்து 10,676 சதுர அடி. ஐந்து பரப்பென்று அரைநூற்றாண்டாகப் பேசப்பட்ட காணி நான்கு பரப்புக்கும் 214 சதுர அடி குறைவானது. எத்தனை மூலையுள்ள பல்கோணியாயினும் இவ்வாறு முக்கோணிகளாக வெட்டித் தீர்த்துவிடலாம் என்பதுதான் நில அளவையின் அடிப்படை. எனக்கு அன்று நாற்கோணமே போதுமானதாயிருந்தது.

அம்மாவிடம் கூறினேன். அம்மா, “இதை நீயே போய் அவவிட்டைச் சொல்லு” என்றார்.

பெரியம்மம்மா விறாந்தையிற் கதிரையில் இருந்தார். முதலிற் சொன்னது பிழை என்று நான் தொடங்கியபோது அவர் முகம் இறுகிற்று. மனம் மாறி வந்திருக்கின்றேன், தங்கை வீட்டார் சொல்லிக் கொடுத்து வந்திருக்கின்றேன் என்று நினைத்திருக்க வேண்டும். நான் தீப்பெட்டியை எடுத்தேன். தோழன் செய்தபடியே செய்து காட்டினேன். அவர் அதனைத் தம் கையில் வாங்கி, இரண்டு மூன்று தடவை சரித்தும் நிமிர்த்தியும் பார்த்தார். நெடுநேரங் கழித்து, “அப்ப ஐயா பிழை விடேல்லை” என்றார். அது வினாவா கூற்றா என்று எனக்கு விளங்கவில்லை. “இல்லை” என்றேன்.

உடனே அவர் இன்னொன்று கேட்டார். “எங்கடையை உந்த மாதிரி மூலைக்கு மூலை அளந்தனியே?”

அளக்கவில்லை. 90, 120, 90, 120 என்று பக்கங்கள் இருந்தமையால் அதனைச் செவ்வகமென்றே எடுத்துக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கங்கள் சமனென்பதிலிருந்து அது இணைகரம் என்று மட்டுமே கூறலாம். செவ்வகமென்று கூற மூலைவிட்டங்களும் சமனாயிருக்க வேண்டும். எழுபத்தைந்து வயதைக் கடந்த, ஐந்தாம் வகுப்புக்கு மேற் படிக்காத ஒருவர் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் இரண்டாவது பிழையைக் கண்டுபிடித்தார்.

மாலை மங்குமுன் தம்பியும் நானும் கிழக்குத் துண்டின் மூலைவிட்டங்களை அளந்தோம். ஒன்று 148 அடி, மற்றது 152. செவ்வகமன்று, மிகச் சிறிதளவே சரிந்த இணைகரம். பரப்பு 10,796 சதுர அடி. செவ்வகமாயிருந்தால் வந்திருக்கக்கூடியதிலும் நான்கு சதுர அடிதான் குறைவு. திரும்பி வந்து கூறினேன்: “பெரியம்மம்மா, உங்கடை காணிதான் அம்மம்மாவின்ரையிலும் நூற்றிருபது சதுர அடி கூட.”

“நூற்றிருபது எண்டால் எவ்வளவு?”

விறாந்தையைக் காட்டினேன். பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம், ஏறக்குறைய அவ்வளவுதான்.

அவர் விறாந்தையை இக்கரையிலிருந்து அக்கரைவரை ஒருமுறை பார்த்தார். பின் தம்பியைக் கூப்பிட்டு, அதைக் கூட்டிவிட்டு உள்ளே கிடந்த மற்றக் கதிரையையும் எடுத்துப் போடச் சொன்னார். “போய் அவளைக் கூட்டிக்கொண்டு வா,” என்று என்னைப் பார்த்துக் கூறினார்.